லொபாட்டி அடித்த ஒரே கோல்

பன்னிரண்டு வருடம் துவாலு நாட்டுக்காக ஒன்பதாம் எண் சட்டை போட்டுக் கால்பந்து ஆடினான் லொபாட்டி. முன்வரிசை ஆட்டக்காரன். கோல் அடிப்பது ஒன்றுதான் அவன் வேலை. அந்த ஒன்றைத் தவிர மற்ற எல்லாவற்றையும் செய்தான்.

ஓடினான். விழுந்தான். ஒரு பல்லைப் பறிகொடுத்தான். எதிரணித் தலைவனோடு மல்லுக்கு நின்று, ஆட்டம் முடிவதற்குள் ராசியாகி, அவன் தங்கை கல்யாணத்துக்கு அழைப்பும் வாங்கிக்கொண்டு வந்தான். கோல் மட்டும் வரவில்லை. முதல் விளையாட்டு விழாவில் பந்து கம்பத்தில் பட்டுத் திரும்பியது. இரண்டாவது விழாவில் கால் கட்டைவிரல் உடைந்தது. பசிபிக் தீவு நாடுகளின் அந்த விழா நாலு வருடத்துக்கு ஒரு தரம்தான் வரும். வந்தால் நாலு ஆட்டம். நாலிலும் தோற்றுவிட்டு வருவது எங்கள் அணியின் வழக்கம். அதில் யாருக்கும் மனக்குறை இல்லை. பத்தாயிரம் பேர் இருக்கிற நாட்டில் பதினொரு பேர் ஒரே நேரத்தில் ஒரே இடத்துக்கு வந்து சேர்வதே பெரிய காரியம்.

ஆனால் மூன்றாவது விழாவில் நடந்ததை மட்டும் ஊர் மன்னிக்கவில்லை. மன்னிக்கவில்லை என்றால் கோபம் என்று நினைத்துவிடாதீர்கள். கோபப்பட்டிருந்தால் ஒரு வாரத்தில் ஆறியிருக்கும். ஊர் சிரித்துவிட்டது. அதுதான் வினை.

நடந்தது இது. எங்கள் தலைநகரத் தீவான ஃபுனாஃபுட்டியில் மேடு பள்ளமில்லாத நீளமான இடம் ஒன்றே ஒன்றுதான், விமான ஓடுதளம். வாரத்தில் மூன்று நாள் விமானம் இறங்கும். மீதி நேரம் அது ஊருக்குச் சொந்தம். சாயங்காலமானால் கைப்பந்து ஒரு பக்கம், பாய் விரித்து வம்பளப்பு ஒரு பக்கம், நடுவில் எங்கள் நாட்டு அணியின் பயிற்சி. விமானம் வருகிற நேரத்தில் தீயணைப்பு வண்டி சைரன் போட்டுக்கொண்டு இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் ஓடும். மனிதர், நாய், பன்றி, காதல் ஜோடி என்று சகலத்தையும் விரட்டும். அந்த வண்டியை ஓட்டுகிறவன் யார்? சாட்சாத் லொபாட்டிதான். தீ என்ற ஒன்றை அவன் வேலையில் பார்த்ததே கிடையாது. பன்றியைத்தான் பார்த்தான்.

ஒரு தடவை பயிற்சி நடக்கும்போது உதவி ஓட்டுநர் சைரன் அடித்து எல்லாரும் ஓட, பந்தைத் தளத்திலேயே விட்டுவிட்டார்கள். அது விமானச் சக்கரத்தில் மாட்டி வெடித்தது. விமானி இறங்கி வந்து கத்திய கத்தலில் லொபாட்டிக்கு மூன்று நாள் சோறு இறங்கவில்லை. அன்றைக்கு அவனே ஒரு சட்டம் போட்டான். சைரன் அடித்தால் பந்து யார் காலில் இருக்கிறதோ, அவன் அதைக் கையில் தூக்கிக்கொண்டு ஓட வேண்டும். யோசிக்கக் கூடாது. விமானமா, விளையாட்டா என்று வானத்தைப் பார்க்கக் கூடாது. ஓட வேண்டும், அவ்வளவுதான்.

ஏழு வருடம் அப்படியே பழகினார்கள். சிறிசு பெரிசு எல்லாருக்கும் அது எலும்பில் ஊறிவிட்டது.

மூன்றாவது விழா ஃபிஜியில் நடந்தது. டோங்காவுடன் ஆட்டம். எழுபத்தோராவது நிமிடம். எதிரணிக் கோல்காவலன் வழுக்கி மல்லாந்து விழுந்துவிட்டான். பந்து உருண்டு வந்து லொபாட்டியின் காலடியில் நின்றது. முன்னால் யாருமில்லை. கோல் கோடு இரண்டே எட்டு. ஊதினாலே உள்ளே போயிருக்கும்.

அந்த நேரம் பார்த்து மைதானத்துக்கு வெளியே தெருவில் ஓர் ஆம்புலன்ஸ் போயிற்று.

லொபாட்டி பந்தைக் கையில் வாரி எடுத்தான். எல்லைக்கோட்டை நோக்கி ஓட்டமெடுத்தான். அவன் மட்டுமா? துவாலு அணி பதினொரு பேரும் ஓடினார்கள். கோல்காவலன் மொனிசே தண்ணீர்ப் போத்தலையும் துண்டையும் மறக்காமல் எடுத்துக்கொண்டு ஓடினான். பயிற்சியாளர் சௌஃபாதூ, பாவம், பெரிய மனுஷர், உட்கார்ந்திருந்த பெஞ்சைத் தூக்கிக்கொண்டு ஓடினார். டோங்கா ஆட்கள் பூகம்பமோ என்று தாங்களும் நாலு எட்டு ஓடி நின்றார்கள். நடுவர் விசிலை வாயில் வைத்தபடி ஊத மறந்து நின்றார். பிறகு நினைவு வந்து, கையால் பந்தைத் தொட்டதற்கு லொபாட்டிக்கு மஞ்சள் அட்டை காட்டினார்.

இதையெல்லாம் பார்வையாளர் வரிசையில் உட்கார்ந்து பார்த்தவள் நெசே. லொபாட்டி மனைவி புவாகெனாவின் அத்தை. விழாவில் நடனமாடப் போன குழுவின் தலைவி. எங்கள் ஊரில் பாட்டுக் கட்டுகிறவள் அவள்தான். அவள் ஒரு விஷயத்தைப் பாட்டாகக் கட்டிவிட்டால் அது கல்லில் வெட்டின மாதிரி. ஊர் மண்டபத்தில் இரண்டு பக்கமும் ஆட்கள் உட்கார்ந்து, நடுவே மரப்பெட்டியைக் கையால் அறைந்து, ஒரே அடியை மெதுவாகத் தொடங்கி, வேகமாக, இன்னும் வேகமாக, மண்டபம் ஆடுகிற வரைக்கும் பாடுவோம். நல்ல பாட்டென்றால் பத்து வருடம் நிற்கும்.

இது நல்ல பாட்டு. அதுதான் கொடுமை.

*ஊதினால் போகும், உதைக்கவில்லை,*
*கையில் எடுத்தான், கடலுக்கு ஓடினான்,*
*விமானம் எங்கே, லொபாட்டி? விமானம் எங்கே?*

கடைசி அடிக்கு எல்லாரும் நெற்றியில் கை வைத்து வானத்தைப் பார்ப்பார்கள். கல்யாணத்தில் பாடினார்கள். சுதந்திர தினத்தில் பாடினார்கள். தேவாலயத்துக்குக் கூரை போட்ட அன்றைக்குப் பாதிரியாரே இடுப்பில் துண்டைக் கட்டிக்கொண்டு ஆடினார். எல்லாவற்றையும் லொபாட்டி பொறுத்துக்கொண்டான். பொறுக்க முடியாதது ஒன்றுதான். முன்வரிசையில் நின்று பந்தைத் தூக்கிக்கொண்டு ஓடுவதுபோல் ஆடுகிறவள், அவனுடைய சொந்தப் பெண்டாட்டி. அதிலும் அவளை மாதிரி அச்சு அசலாக அவன் ஓட்டத்தை யாராலும் ஆட முடியவில்லை.

“நீயுமா, புவாகெனா?” என்று ஒருநாள் கேட்டேவிட்டான்.

“மெட்டு நல்லாருக்கே, நான் என்ன செய்ய?” என்றாள் அவள், மீனைச் சுத்தம் செய்தபடி. “கால் தானா போகுது. உனக்கும் அன்னிக்கு அப்படித்தானே போச்சு?”

நேரே நெசே அத்தை வீட்டுக்குப் போனான். அவள் வாசலில் ஓலை பின்னிக்கொண்டிருந்தாள்.

“அத்தே, அந்தப் பாட்ட நிறுத்திருங்க. உங்களுக்குப் புண்ணியமாப் போகும்.”

“பாட்ட நிறுத்த நான் என்ன குழாயா மாப்ளே? ஊர் வாயில இருக்கு.”

“நாலு வார்த்தைய மாத்தவாவது மாத்துங்களேன்.”

“நடந்தத மாத்தச் சொல்றியா? என்னைப் பொய் சொல்லச் சொல்றியா?” நெசே ஓலையைக் கீழே வைத்துவிட்டாள். அவளுக்குக் கோபம் வந்தால் அப்படித்தான். “இங்க பாரு. ஒரு பாட்ட இன்னொரு பாட்டுதான் விரட்டும். நீ வேற ஏதாச்சும் பண்ணிக் காட்டு. ஒரே ஒரு கோல் அடி. அடுத்த நாளே கட்டுறேன், பழசை யாரும் வாயில எடுக்க மாட்டாங்க. ஆனா ஒண்ணு, நான் என் கண்ணால பாக்கணும், இல்ல காதால கேக்கணும். அவன் சொன்னான் இவன் சொன்னான்னு நான் பாட மாட்டேன். என் ஆயுசுல பாடினதில்ல.”

அன்றிலிருந்து லொபாட்டிக்குச் சாப்பாடு, தூக்கம், பேச்சு எல்லாம் அந்த ஒரு கோல்தான். வயது முப்பதைத் தாண்டிவிட்டது. அடுத்த விழா கடைசி விழா. அதில் அடிக்காவிட்டால் சாகும்வரை வானத்தைப் பார்க்க வேண்டியதுதான். செத்த பிறகும் பாடுவார்கள்.

பயிற்சியாளர் சௌஃபாதூவுக்கும் அந்த பெஞ்சு விஷயம் மனதில் உறுத்திக்கொண்டே இருந்தது. பாட்டில் பெஞ்சு வரவில்லை, இருந்தாலும் தெரிந்தவர்களுக்குத் தெரியும் அல்லவா? விழாவுக்கு ஆறு மாதம் இருக்கும்போது அவர் ஒரு வழி கண்டுபிடித்தார்.

“சைரன் அடிச்சாலும் ஓடாமப் பழகணும். தினம் பயிற்சிக்கு நடுவுல சைரன் அடிக்கச் சொல்லு. எவன் ஓடுறானோ அவன் தளத்த ஏழு சுத்து சுத்தட்டும்.”

லொபாட்டி ஆட வேண்டும் என்பதால் வண்டியை அவன் உதவி ஓட்டுநர் கைதூவிடம் கொடுத்தார்கள். இரண்டு பிள்ளைக்குத் தகப்பன், சொன்னதைச் சொன்னபடி செய்கிற ஆள், சொல்லாததை யோசிக்கவே மாட்டான். முதல் நாள் சைரன் அடித்ததும் பதினொரு பேரும் ஓடினார்கள், பக்கத்துக் கைப்பந்துக்காரர்களும் ஓடினார்கள். ஊருக்கு அறிவிப்புக் கொடுத்தார்கள்: சாயங்காலச் சைரன் பயிற்சிக்கு மட்டும், யாரும் எழுந்திருக்க வேண்டாம். இரண்டாவது வாரம் ஆறு பேர் ஓடினார்கள். மூன்றாவது வாரம் மொனிசே மட்டும் துண்டை எடுத்தான், ஓடவில்லை. ஐந்தாவது வாரம் ஒருவனும் அசையவில்லை. வம்பளக்கிற பெண்கள் பாயில் திரும்பிக்கூடப் படுக்கவில்லை. சௌஃபாதூ முகத்தில் அன்றைக்குத்தான் முதன்முதலாகப் பல்லைப் பார்த்தோம்.

மத்தியானம் வர வேண்டிய விமானம் மழையால் தாமதமாகிச் சாயங்காலம் வந்தது அந்த ஐந்தாவது வாரத்தில்தான்.

கைதூ சைரனைப் போட்டான். யாரும் அசையவில்லை. வண்டியை நேரே ஆட்டக்காரர்கள் மேல் விட்டான். அசையவில்லை. தலையை வெளியே நீட்டித் தொண்டை கிழியக் கத்தினான்.

“அண்ணே! நெசம்ணே! நெசமாவே வருதுண்ணே!”

“பலே கைதூ!” என்றான் லொபாட்டி, பந்தைத் தட்டிக்கொண்டே. “நேத்தைய விட இன்னிக்கு நல்லா நடிக்கிறான் பாரு.”

“ஐயோ, வானத்தப் பாருங்கடா!”

“பாக்க மாட்டோம்டா! பாட்டுல பாத்தது போதும்!”

தலைக்கு மேல் காற்று வந்தது. விமானம் இறங்கப் பார்த்து, அலறிக்கொண்டு மேலே ஏறி, கடலைச் சுற்றிக்கொண்டு போயிற்று. அப்போதும் எதிரணிக்காரனாக நின்ற ஒருவன் பந்தைத் தட்டிக்கொண்டு போனதாகச் சொல்வார்கள். லொபாட்டி பந்தைத் தூக்கினான், சௌஃபாதூ பெஞ்சைத் தூக்கினார், ஊரே தெறித்து ஓடியது. விமானம் இரண்டாவது சுற்றில் இறங்கியது. கதவு திறந்து முதலில் இறங்கியவள், ஃபிஜியில் கண் ஆபரேஷன் செய்துகொண்டு திரும்பிய நெசே அத்தை. கறுப்புக் கண்ணாடி போட்டிருந்தாள். கண்ணாடிக்குள்ளேயே அவள் சிரிப்பது தெரிந்தது.

“டாக்டர் நல்லா செஞ்சிருக்கான் மாப்ளே. மேலேர்ந்து உன் ஒன்பதாம் நம்பர் பளிச்சுன்னு தெரிஞ்சுது.”

பாட்டில் புதிதாக ஓர் அடி சேர்ந்தது. விமானம் வராதபோது ஓடினவன், வந்தபோது நின்றான் என்று. லொபாட்டி அன்றைக்குப் பெண்டாட்டியிடம்கூடப் பேசாமல் கடலில் போய் உட்கார்ந்துகொண்டான். புவாகெனா தேடிக்கொண்டு வந்து, முழங்கால் தண்ணீரில் அவன் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

“இந்த அடிக்கு நான் ஆடல,” என்றாள்.

“ஏன்? மெட்டு நல்லா இல்லியா?”

“நல்லாத்தான் இருக்கு. நீ அழுதுருவியோன்னு இருந்துது.”

அவன் அழத்தான் செய்தான். உப்புத் தண்ணீரில் யாருக்குத் தெரியப் போகிறது?

நாலாவது விழா வந்தது. மறுபடியும் ஃபிஜி. முதல் மூன்று ஆட்டத்தில் லொபாட்டி கோலை நோக்கி ஒன்பது தடவை உதைத்தான், ஒன்றும் போகவில்லை. கடைசி ஆட்டம் கிரிபாட்டியுடன். அவர்கள் பக்கத்து வீட்டுக்காரர்கள். எங்களைப் பற்றி எங்களுக்கே தெரியாதது அவர்களுக்குத் தெரியும். பாட்டு தெரியாமல் இருக்குமா? ஃபிஜியில் படிக்கிற கிரிபாட்டி மாணவர்கள் கையால் சுற்றுகிற பழைய சைரன் ஒன்றை எங்கேயோ தேடிப் பிடித்துக் கொண்டுவந்து பார்வையாளர் வரிசையில் வைத்துக்கொண்டார்கள்.

ஊரிலோ அன்றைக்குத் திருவிழா. விமானம் இல்லாத நாள். வானொலியில் நேர்முக வருணனை உண்டு என்று அறிவித்ததும், மத்தியானமே ஜனங்கள் பாயும், குழந்தையும், தேங்காய்ப்பாலில் வேகவைத்த மீனுமாக ஓடுதளத்துக்கு வந்துவிட்டார்கள். வானொலிப் பெட்டி ஒன்று, கேட்க வந்தவர்கள் ஆயிரம் பேர். கைதூ யோசித்தான். யோசிக்காத ஆள் யோசித்தால் என்ன ஆகும் என்பதற்கு இதுவே உதாரணம். தீயணைப்பு வண்டியை நடுத்தளத்துக்குக் கொண்டுவந்து நிறுத்தி, வானொலியை வண்டியின் ஒலிபெருக்கியில் கோத்துவிட்டான். சத்தம் இரண்டு கோடிக்கும் கேட்டது. எல்லாரும் அவனை வாயாரப் புகழ்ந்தார்கள். நெசே அத்தை வண்டிக்கு நேர் எதிரே, எல்லாருக்கும் முன்னால், பாயைப் போட்டு உட்கார்ந்தாள்.

“ஒரு வார்த்த விடாம கேக்கணும். எவளும் பேசப்படாது,” என்று புவாகெனாவையும் இழுத்துப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டாள்.

அங்கே மைதானத்தில் எண்பத்துமூன்றாவது நிமிடம். ஐந்து பூஜ்யம். ஐந்து அவர்களுக்கு, பூஜ்யம் எங்களுக்கு. லொபாட்டிக்குக் கெண்டைக்கால் இழுத்துப் பிடித்திருந்தது. சௌஃபாதூ வெளியே வரச் சொல்லிக் கை காட்டினார். அவன் பார்க்காத மாதிரி இருந்துவிட்டான். இன்னும் ஏழு நிமிடம். அதற்குப் பிறகு அவன் ஆட்டக்காரன் இல்லை, வெறும் பாட்டு.

மொனிசே கண்ணை மூடிக்கொண்டு ஓங்கி உதைத்த பந்து காற்றில் திரும்பி, ஒருவன் முதுகில் பட்டு, லொபாட்டி காலடியில் வந்து விழுந்தது. எதிரே இரண்டு தடுப்பாட்டக்காரர்கள், ஒரு கோல்காவலன். அந்த நொடியில் மாணவர்கள் சைரனைச் சுற்றினார்கள்.

என்ன சத்தம் அது! அசல் ஊர்ச் சத்தம். லொபாட்டியின் இடது கால் தானாக எல்லைக்கோட்டுப் பக்கம் திரும்பியது. முதுகு குனிந்தது. கை இரண்டும் பந்தை எடுக்கக் கீழே போயின. கிரிபாட்டித் தடுப்பாட்டக்காரர்கள் இரண்டு பேரும் அந்த வேடிக்கையைப் பார்க்கவென்றே விலகி வழி விட்டார்கள். கோல்காவலன் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு நின்றான், சிரிப்பை அடக்க முடியாமல். ஓடப் போகிறான், இதோ ஓடப் போகிறான் என்று மைதானமே எழுந்து நின்றது.

லொபாட்டிக்கு எதுவும் தெரியவில்லை. சுற்றிலும் தன் ஆட்கள் பத்துப் பேரும் அசையாமல் நிற்பது மட்டும் ஓரக்கண்ணில் பட்டது. பிறகு பெண்டாட்டி நினைவு வந்தது. பந்தைத் தூக்கிக்கொண்டு ஓடுவதுபோல் ஆடுகிறாளே, அந்த முகம். வந்தால் வரட்டும் விமானம், தலைமேலேயே இறங்கட்டும் என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டான். காலின் முனையால் பந்தை ஒரு தள்ளு தள்ளினான்.

அழகான கோல் ஒன்றுமில்லை. தத்தித் தத்திப் போயிற்று. கோல்காவலன் சிரித்து முடிப்பதற்குள் கோட்டைத் தாண்டிவிட்டது.

லொபாட்டி வலைக்குள் போனான், பந்தைக் கையில் எடுத்தான், எல்லைக்கோட்டுக்கு ஓடினான். சைரன் இன்னும் அடித்துக்கொண்டிருந்தது, சட்டம் சட்டம்தானே. அணி மொத்தமும் அவன் பின்னால் ஓடியது. ஐந்துக்கு ஒன்று என்று தோற்றவர்கள் அப்படிக் கட்டிப் பிடித்து அழுது உருண்டதை அந்த மைதானம் அதற்கு முன் பார்த்திருக்காது.

உடை மாற்றும் அறையில் சௌஃபாதூவின் கைபேசியை வாங்கி வீட்டுக்கு அடித்தான். மூன்று தடவை அடித்த பிறகு புவாகெனா எடுத்தாள். மூச்சு வாங்கியது அவளுக்கு.

“கேட்டியா?” என்றான்.

“என்னத்த?”

“கோல்!”

“ஆறாவதும் போட்டாங்களா, பாவிப் பசங்க?”

“அடியே, நான்! நான் அடிச்சேன்!”

அப்போதுதான் அவளுக்கு விஷயம் விளங்கியது. பிறகு புவாகெனா சொன்னாள். சொல்லச் சொல்ல லொபாட்டி சுவரைப் பிடித்துக்கொண்டு கீழே உட்கார்ந்தான்.

வேறொன்றுமில்லை. மாணவர்கள் சுற்றிய சைரன் வருணனையாளரின் குரலை அமுக்கிக்கொண்டு வானொலியில் வந்தது. வானொலியிலிருந்து தீயணைப்பு வண்டியின் ஒலிபெருக்கியில் வந்தது. வண்டியிலிருந்து சைரன் சத்தம் கேட்டால் ஜனம் என்ன செய்யும்? ஐந்து மாதம் முன்னால் விமானம் தலையை உரசிக்கொண்டு போனதை யாரும் மறக்கவில்லை. அதற்குப் பிறகு எவனும் நின்று யோசிப்பதாக இல்லை. ஆயிரம் பேரும் எழுந்து ஓடினார்கள். கைதூ, தானேதான் தவறிப்போய்ச் சைரனை அழுத்திவிட்டோம் என்று பதறி, வண்டியையும் வானொலியையும் சேர்த்து ஓட்டிக்கொண்டு தெற்குக் கோடிக்குப் போய்விட்டான். தளத்தின் ஓரத்தில் ஊர் மொத்தமும் நெற்றியில் கை வைத்து வானத்தைப் பார்த்துக்கொண்டு நின்றது, கால் மணி நேரம். கைதூ திரும்பி வந்தபோது வானொலியில் மரண அறிவித்தல் போய்க்கொண்டிருந்தது.

“அத்தை?” என்று கேட்டான் லொபாட்டி. “அத்தை கேட்டாங்களா?”

“அத்தைதான் மொதல்ல ஓடினாங்க,” என்றாள் புவாகெனா.

ஊர் திரும்பினான். மாலை போட்டார்கள், முதுகில் தட்டினார்கள். ஆனால் கண்ணில் ஒரு கள்ளச் சிரிப்பு. அணிக்காரர்கள் பத்துப் பேரும் சத்தியம் செய்தார்கள். செய்து என்ன?

“உங்க ஆளுக்கு நீங்க சொல்லாம வேற யாரு சொல்லுவா?” என்று கேட்டுவிட்டு ஊர் போய்க்கொண்டே இருந்தது.

விருந்துக்கு முதல் நாள் நெசே அத்தை வீட்டுக்குப் போனான். ஓலை பின்னுவதை அவள் நிறுத்தவில்லை, நிமிரவும் இல்லை.

“நான் கேக்கல மாப்ளே.”

“அத்தே, பத்துப் பேரு சாட்சி சொல்றாங்க.”

“நூறு பேரு சொல்லட்டும். நான் பாக்கல, கேக்கல. பாட மாட்டேன்னு அன்னிக்கே சொன்னேன்ல?”

“அப்ப நான் அடிச்சது?”

“அடிச்சிருப்ப. நான் இல்லேன்னா சொன்னேன்?”

எழுந்து வந்துவிட்டான். பன்னிரண்டு வருடம், பதினாறு ஆட்டம், ஒரு கோல். அதைக் கேட்க வேண்டிய ஒரே காது ஓடிப் போயிருந்தது. பூட்ஸைக் கழற்றித் தீயணைப்பு வண்டியின் இருக்கைக்கு அடியில் போட்டான். புவாகெனா கூப்பிட்டும் சாப்பிடவில்லை.

மறுநாள் மத்தியானம் ஊர் மண்டபத்தில் விருந்து. இரண்டு பக்கமும் ஆட்கள் நிறைந்திருந்தார்கள். சாப்பாடு முடிந்ததும் எதிர்ப்பக்கத்தில் யாரோ வழக்கம்போல ஆரம்பித்தார்கள்: ஊதினால் போகும்… லொபாட்டி தலையைக் குனிந்துகொண்டான். நாலு வருடப் பழக்கம். குனிந்தால் கொஞ்சம் காது மந்தமாகும்.

பெட்டியில் ஓங்கி ஓர் அறை விழுந்தது. பாட்டு நின்றது. நெசே அத்தை நடுவில் வந்து நின்றாள்.

“பழசப் பாடினது போதும். புதுசு கட்டியிருக்கேன். நான் கண்ணால பாத்ததுதான். இதுல ஒரு வார்த்த பொய் இருந்தா எழுந்து சொல்லுங்க.”

மெதுவாக எடுத்தாள்.

*சைரன் கேட்டது, ஊரே ஓடியது,*
*நெசே முன்னால், பாதிரியார் பின்னால்,*
*பிள்ளையை விட்டோம், பானையைத் தூக்கினோம்,*
*விமானம் எங்கே, ஊராரே? விமானம் எங்கே?*

எதிர்ப்பக்கத்தில் ஒருத்தி வாயைப் பொத்திக்கொண்டாள். பிள்ளையை விட்டுவிட்டுப் பானையைத் தூக்கினவள் அவள்தான். பாதிரியார் தன் விரல்களைப் பார்த்தார். பொய் என்று ஒருவரும் எழுந்திருக்கவில்லை. எப்படி எழுந்திருப்பார்கள்? நெசே அடுத்த அடியைப் பாடினாள், லொபாட்டியைப் பார்த்துக்கொண்டே.

*அங்கே ஒருவன் நின்றானாம்,*
*நின்று கோலை அடித்தானாம்,*
*எனக்குத் தெரியாது, எனக்குத் தெரியாது,*
*நாங்கள் ஓடிக்கொண்டிருந்தோம்!*

முதலில் சிரித்தவர் பாதிரியார். பிறகு மண்டபமே வெடித்தது. பெட்டிக்காரர்கள் பிடித்துக்கொண்டார்கள். புவாகெனா முன்வரிசைக்குத் தாவினாள். இந்தத் தடவை தன் ஓட்டத்தையே ஆடினாள், செருப்பை ஒரு கையிலும் மீன் சட்டியை ஒரு கையிலும் பிடித்துக்கொண்டு ஓடிய ஓட்டத்தை, அச்சு அசலாக. இரண்டாவது தடவை பாடும்போது இரண்டு பக்கமும் எழுந்துவிட்டது. கைதூ கற்பனை வண்டி ஒன்றை ஓட்டிக்கொண்டு தெற்கு மூலைக்குப் போனான். சௌஃபாதூ பெஞ்சைத் தூக்கிக்கொண்டு சுற்றினார், யாரும் கேட்காமலே.

நெசே லொபாட்டியின் கையைப் பிடித்து நடுவில் கொண்டுவந்து நிறுத்தினாள்.

“நீ ஆடப்படாது. எல்லாரும் ஓடுவோம். நீ இங்க சும்மா நில்லு. அதான் உன் வேல. புரியுதா?”

“சரி அத்தே.”

நின்றான். பாட்டு வேகம் பிடித்தது. ஊர் முழுக்க அவனைச் சுற்றி ஓடியது, வானத்தைப் பார்த்தது, மறுபடி ஓடியது. அவனைப் பார்த்துச் சிரித்த ஒவ்வொரு முகமும் தன்னையே பார்த்துச் சிரித்துக்கொண்டு அவன் முன்னால் போயிற்று. புவாகெனா சட்டியோடு அவனைத் தாண்டும்போதெல்லாம் அவன் கன்னத்தைத் துடைத்துவிட்டுப் போனாள். நின்றானாம், அடித்தானாம் என்று முந்நூறு தொண்டை பாடியது. லொபாட்டி பல்லைக் கடித்துக்கொண்டு நின்றான். சைரனுக்கு அசையாத கால்தான். ஆனால் இடது கால் முதலில் திரும்பியது. பிறகு வலது. பிறகு அவன் ஆடிக்கொண்டிருந்தான், கையைத் தலைக்கு மேல் தூக்கி, அழுதுகொண்டே, ஊர் ஓடுகிற பக்கமே ஓடிக்கொண்டிருந்தான்.

“நில்லுடா, படுபாவி!” என்று கத்தினாள் நெசே அத்தை, பெட்டியை அறைவதை நிறுத்தாமல். “நில்லு! என் பாட்டப் பொய்யாக்குறியே!”